தோல் நாற்றத்தோடு கேட்ட துஆ

பச்சைத்தோல் ஏற்றுகிற நாளில் நான் சோறு உண்பதில்லை. வீட்டில் எதையாவது சொல்லிச் சமாளித்து, ஒரு தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். உண்டாலும் வயிற்றில் தங்காது.

இப்படித் தொடங்குவதற்கு என் தீன் சகோதரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். துஆ கபூலான, கேட்ட வேண்டுதல் ஏற்கப்பட்ட செய்தியைச் சொல்ல வந்தவன் நாற்றத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று தோன்றலாம். ஆனால் அந்த நாற்றத்தை விட்டுவிட்டு இந்தச் செய்தியைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம்தான் படித்தவன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வராது. பள்ளிவாசலில்கூடக் கடைசி வரிசையில், செருப்புகள் கிடக்கும் பக்கமாக நிற்கிறவன். அதனால்தான் சொல்லாமல் எழுதுகிறேன். என்னைப் படைத்தவனுக்கு நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தால் அழுகை வந்து எழுத முடியாமல் போகலாம்.

நான் லாரி டிரைவர். காரைக்காலில் ஒரு மரைக்காயர் முதலாளியின் வண்டியை ஓட்டுகிறேன். நெல், உப்பு, ஓடு, கருவாடு, பச்சைத்தோல் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவோம். வண்டி ஓட்டுவது பெரிய காரியம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஓட்டுகிற நேரம் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் நிற்பதுதான். ஏற்றுவதற்கு நிற்க வேண்டும், இறக்குவதற்கு நிற்க வேண்டும், சாவடியில் நிற்க வேண்டும்.

இது நடந்த காலத்தில் காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்தில் எல்லை வந்துவிடும். இந்தப் பக்கத்துச் சாவடியில் கட்டை அவிழ்க்கச் சொல்வார்கள். மறுபடி கட்டி முடித்து மூச்சு வாங்குவதற்குள் அந்தப் பக்கத்துச் சாவடியில் அவிழ்க்கச் சொல்வார்கள். நெல் மூட்டையில் கம்பியைக் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். சிந்தின நெல்லுக்கு நாங்கள் முதலாளியிடம் பேச்சு வாங்க வேண்டும். காரைக்காலில் சாராயம் தாராளமாகக் கிடைக்கும், அந்தப் பக்கத்தில் மதுவிலக்கு. அதனால் அங்கே நிற்கும் போலீசுக்காரர் டிரைவர்களின் வாயை ஊதச் சொல்வார். என் ஜென்மத்தில் அந்தக் கருமத்தைத் தொட்டதில்லை. அவர் மூக்குக்கு முன்னால் போய் வாயைத் திறந்து ஊத வேண்டும். அவர் வெற்றிலை எச்சிலோடு, "இன்னும் நல்லா ஊதுய்யா" என்பார். திரும்பி வரும்போது என் வாயையே கழுவி எறிந்துவிடலாம் போல இருக்கும்.

தோல் லோடு என்றால் இதெல்லாம் இரண்டு பங்கு. உப்புப் போட்ட பச்சைத்தோலை மடித்துக் கட்டுக் கட்டாக அடுக்குவார்கள். அறுத்த மாட்டின் தோலும் இருக்கும், செத்துக் கிடந்த மாட்டின் தோலும் இருக்கும். அதிலிருந்து ஒரு தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். பிரேக் போட்டால் அந்தத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக முன்னால் ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னால் சொட்டும். ஈ மொய்க்கும். புழு நெளியும். தேத்தண்ணீர்க் கடையில் பெஞ்சில் உட்கார விடமாட்டார்கள். எட்ட நின்று கோப்பையை நீட்டச் சொல்லி, தூரத்திலிருந்து ஊற்றுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எனக்கே என்னைச் சகிக்காது.

இதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. செத்த மாட்டுத் தோலின் ஈரம் நஜீஸ், மார்க்கப்படி அசுத்தம். அது பட்ட உடுப்போடு தொழ முடியாது. ஒரு தகரப் பெட்டியில் சுத்தமான கைலியும் சட்டையும் வைத்துக்கொண்டுதான் போவேன். ஆனால் குளிக்க இடம் கிடைத்தால் நேரம் இருக்காது, நேரம் இருந்தால் லோடு இறங்கியிருக்காது. தோல் லோடு நாட்களில் லுஹர், அசர் என்ற பகல் தொழுகைகள் நேரம் தவறிக் களாவாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக என் மனம் எப்படி ஆகிவிட்டது என்றால், அந்த உடம்போடு இருக்கும்போது அல்லாஹ்வின் பெயரை வாயில் எடுக்கவே கூசும். துஆ கேட்பதற்கு, தொழுகைக்குக் கை கால் கழுவுகிற ஒளு வேண்டியதில்லை என்று ஓதுகிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? நாறுகிற வாயால் அந்தப் பெயரைச் சொல்வதா என்று அடக்கிக்கொள்வேன். வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பேன். இதை மரியாதை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு வந்த கிளீனர் நாகப்பன். சுரக்குடிக்காரர். என்னைவிட மூத்தவர். கிளீனர் வேலைக்கு அந்த வயதில் யாரும் வரமாட்டார்கள். அவருக்கு நிலம் இல்லை, வேறு பிழைப்பும் இல்லை, ஆனால் வாய் மட்டும் ஓயாது. நான் பேசாதவன் என்பதால் என் பங்கையும் சேர்த்து அவரே பேசுவார். "நம்ம வண்டிக்கு ஆரனே தண்டம் டிரைவரே. ரெண்டு ஊருக்கு முன்னாடியே காத்து போயி தமுக்கடிச்சிருதுல்ல" என்பார். அவர் பேச்சு இல்லாவிட்டால் நான் அந்த வேலையை எப்போதோ விட்டிருப்பேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கியதற்கு முந்தின வருஷம். ஐப்பசி மாதம். பிடித்த மழை விடவில்லை. திருச்சிப் பக்கத்துத் தோல் மண்டிக்கு லோடு ஏற்றிக்கொண்டு காலையில் புறப்பட்டோம். அம்பகரத்தூர் தாண்டி நம் பக்கத்துச் சாவடி. அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றார். அங்கிருந்தபடியே, "அதைப் பிரி, இதைப் பிரி" என்று கையைக் காட்டினார். மழையில் நனைந்துகொண்டு அத்தனை கட்டையும் புரட்டிக் காட்டினோம். பிறகு தார்ப்பாயைப் போட்டு, கயிற்றைச் சுற்றி இழுத்து, முனையில் ஈயத்தை வைத்துக் குறட்டால் அழுத்தி முத்திரை போட்டார்கள். அந்த முத்திரை உடையாமல் எதிர்ச் சாவடி போய்ச் சேர வேண்டும். உடைந்தால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள், டிரைவருக்கு ஜெயில். அப்படித்தான் எங்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

இரண்டு சாவடிக்கும் நடுவில் இருக்கிற ரோட்டை இந்தச் சர்க்காரும் கவனிக்காது, அந்தச் சர்க்காரும் கவனிக்காது. ஒரு பக்கம் வயல். மறுபக்கம் வாய்க்கால், அதற்கு அப்பால் தாழம்புதர். அன்று ரோடு முழுக்கச் சேறு. எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. நான் வாய்க்கால் பக்கம் ஒதுங்கி வழி விட்டேன். மாட்டுவண்டிக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மாட்டின் வாலை முறுக்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எங்கள் வண்டியின் பின்சக்கரம் கரையோடு சேர்ந்து கீழே இறங்கியது.

எத்தனையோ தடவை சேற்றில் மாட்டியிருக்கிறோம். அதனால் முதலில் எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நாகப்பன் வழக்கம்போல நாலு மரக்கிளையை வெட்டிக்கொண்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வாய்க்கால் பக்கம் இறங்கினார். அங்கே இடுப்பளவு தண்ணீர். "கொஞ்சம் பொறுங்க டிரைவரே, நான் சொன்னப்புறம் எடுங்க" என்றார். நான் எஞ்சினைத் தொடவே இல்லை. ஊறிப்போன கரை தானாக இன்னும் கொஞ்சம் சரிந்தது. லாரி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் சாய்ந்தது. நாகப்பன் குரல் பாதியில் நின்றது.

இறங்கி ஓடினேன். அவருடைய ஒரு கால் தொடை வரை சக்கரத்துக்கும் கரைக்கும் நடுவே சிக்கியிருந்தது. சேறு மெத்தென்று இருந்ததால் கால் துண்டாகவில்லை. ஆனால் இழுத்தால் வரவில்லை. அவர் வாய்க்காலுக்குள் பாதி உட்கார்ந்தும் பாதி சாய்ந்தும் கிடந்தார். தண்ணீர் அவர் மார்பைத் தொட்டது.

ஜாக்கியை எடுத்து வந்து வைத்தேன். திருகத் திருக வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் களிக்குள் இறங்கியது. கீழே கிளையை வைத்தேன். கிளையும் சேர்ந்து உள்ளே போனது. ஏறிப்போய் ஆரனை அடித்தேன். விட்டு விட்டு அடித்தேன். விடாமல் அடித்தேன். ஒரு ஆளும் வரவில்லை. ரோட்டில் இரண்டு பக்கமும் மழைதான் தெரிந்தது. எதிர்ச் சாவடிக்கு ஓடலாமென்றால் இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? மேலே மடையைத் திறந்துவிட்டார்களோ என்னவோ, தண்ணீர் கண் பார்க்கவே ஏறிக்கொண்டிருந்தது.

பாரத்தைக் குறைத்தால்தான் சக்கரம் தூக்கும். கத்தியை எடுத்துக்கொண்டு கயிற்றுப் பக்கம் போனேன்.

கீழே கிடந்தபடியே நாகப்பன் கத்தினார். "டிரைவரே, முத்திரையில கைய வைக்காதீங்க. வண்டிய புடுங்கிக்குவானுவ. புள்ளகுட்டிக்காரரு நீங்க."

"சும்மா கெடங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அறுத்தேன்.

தார்ப்பாயை விலக்கினதும் உள்ளே தேங்கியிருந்த அத்தனை தண்ணீரும் என் தலை வழியாக இறங்கியது. கண்ணில், மூக்கில், வாயில் எல்லாம் போனது. குமட்டிக்கொண்டு வந்தது. வெறும் வயிறு, வர ஒன்றும் இல்லை. ஒரு கட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நான் ஒருவனாக இழுத்துப் புரட்டி மூன்று நாலு கட்டைத்தான் தள்ள முடிந்தது. உப்புப் பட்டுக் கைத்தோல் உரிந்தது. லாரி அசையவே இல்லை. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் நாகப்பன் கழுத்துக்கு வந்திருந்தது. அதற்கு மேல் கட்டுகளை இழுத்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாய்க்காலில் குதித்து, அவர் தலையை என் கைகளில் தாங்கி உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நிலைமையிலும் அவர் வாய் ஓயவில்லை. "ஒங்க கையி நாத்தத்துலயே உசுரு போயிரும் போலருக்கே. தண்ணி வர்ற வரைக்கும் தாங்கமாட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எம் பொண்ணுக்குத் தையில கல்யாணம் வச்சிருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை.

பிறகு கேட்டார். "நான் எங்க அம்பகரத்தூர் ஆத்தாள கூப்புட்டுப் பாத்துட்டேன். நீங்க ஒங்க சாமிய கூப்புடுங்களேன் டிரைவரே."

நான் அவர் தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

"ஏன், கூப்புட மாட்டீங்களா?"

"நான் இப்ப சுத்தமா இல்லண்ணே. இந்த ஒடம்போட அவன் பேர எடுக்கக்கூடாது. குளிச்சாத்தான்."

நாகப்பன் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார். "குளிக்கிறதுக்கு என்னாங்க கொறச்சலு. எனக்குக் கழுத்து வரைக்கும் தண்ணி கெடக்கு. ஒங்களுக்கு இன்னும் எவ்ளோ வேணும்?"

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். எனக்கு உள்ளே ஏதோ அறுந்துபோனது. இந்த மனிதன் சாகப் போகிறார். நான் என் நாற்றத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நான் குளித்து, சட்டை மாற்றி, தொப்பி போட்டுக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்கும்போது இவர் உயிர் போய் மையத்தாகக் கிடப்பார்.

சகோதரர்களே, நான் வாய் திறந்தேன். மனசுக்குள் இல்லை, வாயைத் திறந்து. என் குரல் அத்தனை பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. "யா அல்லாஹ்" என்று கூப்பிட்டேன். கையேந்த முடியாது, இரண்டு கையிலும் அவர் தலை இருந்தது. "யா அல்லாஹ், நான் அசிங்கமா இருக்கேன். நஜீஸா இருக்கேன். தலையிலேருந்து கால் வரைக்கும் நாறுறேன். என்னயப் பாக்காதே. இந்த மனுசரப் பாரு. இவரு மகளுக்குக் கல்யாணம். இவர விட்டுறாதே. யாரயாச்சும் அனுப்பு. யாரயாச்சும் அனுப்பு." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சின்னப்பிள்ளை அடிபட்டு அழுவதுபோல் அழுதேன். கேட்க யாரும் இல்லை என்ற தைரியம் வேறு. வெட்கமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது.

எதிர்க்கரையில் தாழம்புதர் ஆடியது.

முதலில் ஒரு தலை தெரிந்தது. முக்காடு போட்ட பெண்பிள்ளையின் தலை. அதற்குப் பின்னால் நாலு ஆண்கள் எழுந்தார்கள். ஐந்து பேர் உடம்பிலும் மோட்டார் டியூப் மாலைபோல் குறுக்கே தொங்கியது. ஒவ்வொன்றும் உப்பிப் பளபளவென்று இருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. காரைக்காலிலிருந்து சாராயத்தை டியூப்பில் அடைத்துக்கொண்டு வயல் வழியாக அந்தப் பக்கம் கடத்துகிறவர்கள். பெருமழையில் போலீசு வெளியே வராது என்று பகலிலேயே கிளம்பியிருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்னைவிட வயது அதிகம் இருக்கும். வாயில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு, தண்ணீரில் இறங்கி வந்தபடியே என்னைத் திட்ட ஆரம்பித்தார்.

"ஏன் பாயி, இந்த வாய மொதல்லயே தொறந்திருந்தா என்னா? ஆரன அடிச்சி அடிச்சி எங்க உசுர வாங்கிட்டீங்களே. போலீசு ஜீப்புதான் மடக்க வந்துட்டுதுன்னு முள்ளுக்குள்ள குப்புறக் கெடக்குறோம். முதுகெல்லாம் கிழிஞ்சிபோச்சி."

"போலீசுக்காரன் அல்லான்னு அழுவமாட்டான்னு அக்காதான் சொல்லிச்சி" என்றான் ஒருவன்.

நான் அடித்த ஒவ்வொரு ஆரனும் அவர்களை இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறது. கூப்பிடு தூரத்தில் ஐந்து பேர் இருந்திருக்கிறார்கள். நான் அல்லாஹ்வை வாய்விட்டு அழைக்கிற வரையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இதை எண்ணும்போது இப்போதும் என் மேல் மயிர் சிலிர்க்கிறது.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அவர்கள் பக்கத்தில் வந்ததும் சாராய வாடை முகத்தில் அடித்தது. தோல் நாற்றத்தோடு அதுவும் சேர்ந்துகொண்டது. இவர்களையா அனுப்பினான் என்று என் மனம் முகம் சுளித்தது. கேட்டது நான். கொடுத்தது அவன். அதிலும் எனக்கு ஒரு குறை.

டியூப்புகளைக் கழற்றிப் புதருக்குள் போட்டுவிட்டு வந்தார்கள். தார்ப்பாயை முழுக்க விலக்கினதும் ஒருவன் பின்வாங்கினான். "அக்கா, இது செத்த மாட்டுத் தோலு. நான் தொடமாட்டேன்."

"நீ தூக்கிட்டு வந்தது என்னா, பன்னீரா? ஏறுடா மேல" என்றார் அந்தப் பெண்.

அவன் ஏறினான். ஏறின வேகத்தில் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டைப் பிடித்தான். மற்றவர்களும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு இழுத்தார்கள். நாகப்பன் தலையை அந்தப் பெண் வாங்கித் தாங்கிக்கொண்டார். தண்ணீர் நாகப்பன் தாடைக்கு வந்திருந்தது. "பேசிக்கிட்டே இரு, கண்ண மூடாத" என்று அவர் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஜாக்கி நிற்க ஒரு தளம் வேண்டும். பலகை இல்லை, கல் இல்லை. எங்களிடம் இருந்தது தோல்தான். விறைத்துப்போன தோல் கட்டுகளைச் சேற்றில் போட்டு, அதன் மேல் குறுக்கே இன்னும் இரண்டைப் போட்டு மிதித்தோம். அதன் மேல் ஜாக்கியை வைத்துத் திருகினேன். முதலில் அழுந்தியது. பிறகு நின்றது. வண்டி ஒரு விரல்கடை ஏறியது. இன்னொரு விரல்கடை ஏறியது. ஏறின மட்டும் மேலே நின்றவர்கள் இன்னும் கட்டுகளைத் தள்ளினார்கள். அந்தப் பெண் தண்ணீருக்குள் கையை விட்டு, "இப்ப இழுங்கடா" என்றார். நாகப்பன் அலறினார். கால் வந்துவிட்டது.

ரோட்டில் தூக்கிப் போட்டோம். கால் முழங்காலுக்குக் கீழே திரும்பியிருந்தது, ரத்தம் ஓடியது. அவருக்கு உயிர் இருந்தது. அந்தப் பெண் போய் ஒரு டியூப்பை எடுத்து வந்து அதன் வாயைத் திறந்து, காயத்தின் மேல் சாராயத்தை ஊற்றினார். பிறகு கொஞ்சம் அவர் வாயிலும் ஊற்றினார்.

நாகப்பன் கண்ணைத் திறந்தார். "இன்னொரு காலும் எரியிற மாதிரி இருக்குக்கா" என்றார்.

"அதுல அடியே இல்லியேடா."

"வாய்க்கு ஊத்துனா எல்லாம் சரியாப் போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழுதுகொண்டேதான்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். உப்பில் உரிந்த என் இரண்டு கையும் ரத்தமாக இருந்தன. "கையக் காட்டுங்க பாயி. இந்தத் தோலு வெசம் ஏறுனா கையி அழுவிப்போயிரும்" என்றார். டியூப்பை என் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார். சாராயம். என் வாழ்க்கையில் அதன் துளி என் மேல் பட்டதில்லை. ஒரு நிமிஷம் கைகளை மடக்கி வைத்திருந்தேன். பிறகு நீட்டினேன். எரிந்தது. கையை இழுக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

பாரம் குறைந்த வண்டியை அவர்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். தோல் கட்டுகளின் மேல் சக்கரம் ஏறி வெளியே வந்தது. நாகப்பனை முன்பக்கம் படுக்க வைத்தார்கள். "நாங்க வந்ததச் சொல்லிறாதீங்க. எங்களுக்கும் புள்ளைங்க இருக்கு" என்றார் அந்தப் பெண். டியூப்புகளை மாட்டிக்கொண்டு ஐந்து பேரும் வரப்பில் ஏறிப் போனார்கள். நன்றி என்றுகூட நான் சொல்லவில்லை. ரோட்டில் தோலையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, வண்டியைப் பின்னோக்கியே எடுத்துக்கொண்டு காரைக்கால் பக்கத்துச் சாவடிக்கு வந்தேன். முத்திரை இல்லாத வண்டி வருவதைப் பார்த்து ஓடிவந்தவர்கள் உள்ளே கிடந்த ஆளைப் பார்த்துவிட்டுத் தடுப்பைத் தூக்கினார்கள். காரைக்கால் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

அவரைக் கட்டிலில் போட்டு டாக்டர் பார்த்த பிறகுதான் வெளியே வந்து குளித்தேன். குளித்துத் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் போனவன் எழுந்திருக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் என்னைச் சாவடிக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி பிரெஞ்சில் கேட்க, பக்கத்திலிருந்த குமாஸ்தா தமிழில் சொன்னார்.

"ஒத்த ஆளா அம்புட்டுத் தோலையும் எறக்குனேன்னு சொல்லாதய்யா. யாரு வந்து எறக்குனா?"

பொய் சொல்லக்கூடாது. காட்டியும் கொடுக்கக்கூடாது. "அல்லாகிட்ட கேட்டேன். அனுப்பிவச்சான். அஞ்சு பேரு வந்தாங்க" என்றேன்.

"அவங்க பேரு என்னாய்யா?"

"கேக்கலிங்க."

"எந்த ஊரு?"

"அதுவும் கேக்கலிங்க."

அது சத்தியம். நான் யாரிடமும் எதையும் கேட்காதவன். கூச்சப்படுகிறவன் என்று ஊரே கேலி செய்யும். அன்றைக்கு அந்தக் கூச்சம்தான் ஐந்து பேரைக் காப்பாற்றியது. குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். அதிகாரியிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதிகாரி ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கடைசியில் முதலாளிக்கு அபராதம் போட்டு வண்டியை விட்டுவிட்டார்கள். எனக்கு ஜெயில் இல்லை. முதலாளி முதலில் என்னை வாயில் வந்தபடி ஏசினார். ஆஸ்பத்திரிக்குப் போய் நாகப்பன் காலைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ஏசவில்லை.

நாகப்பனுக்குக் கால் கூடியது, கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறார். தை மாதத்தில் பந்தலில் நின்று மகளைத் தாரைவார்த்துக் கொடுத்தார். நான் போயிருந்தேன். இப்போது மண்டியில் காவல் வேலை பார்க்கிறார். அங்கேயும் பேச ஆள் கிடைத்திருக்கிறது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு தோல் நாற்றம் எனக்குப் பழகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். இன்றைக்கும் குமட்டுகிறது. சாவடிகள் போய்விட்டன. ஈயும் புழுவும் சேறும் போகவில்லை. சாராய வாடை எனக்குப் பிடிக்கத் தொடங்கிவிடவும் இல்லை. அது ஹராம்தான். மாறியது ஒன்றுதான். குளித்துவிட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று நான் இப்போது தள்ளிவைப்பதில்லை. தொழுகைக்கு வேண்டிய சுத்தத்தைத் தொழுகைக்கு வைத்துக்கொள்கிறேன். உதவி கேட்பதற்கு அவன் என்னிடம் சுத்தம் கேட்கவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் இருக்க, முதுகில் தோல் தண்ணீர் சொட்ட, சத்தமாகவே கேட்கிறேன். புதிதாக வந்த கிளீனர் முதலில் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்.

அந்த ஐந்து பேருக்காகவும் கேட்கிறேன். அவர்களுக்கு வேறு பிழைப்பைக் கொடு, அவர்கள் பிள்ளைகளைக் காப்பாற்று என்று. பெயர் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

இதைப் படிக்கிற சகோதரரே, சகோதரியே, உங்கள் தொழிலும் என் தொழில்போல அருவருப்பானதாக இருக்கலாம். மீன் கழுவுகிறவராக இருக்கலாம், சாக்கடை அள்ளுகிறவராக இருக்கலாம், நோயாளியின் படுக்கையைத் துடைக்கிறவராக இருக்கலாம். இந்தக் கையோடு எப்படிக் கேட்பது என்று கூசிக்கொண்டு நிற்காதீர்கள். நிற்கிற இடத்திலேயே கேளுங்கள். வாய்விட்டுக் கேளுங்கள். யாரை அனுப்புவது என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். வருகிறவரைப் பார்த்து என்னைப்போல் முகம் சுளிக்காதீர்கள்.

நாளைக்கு விடியற்காலையில் மறுபடி தோல் லோடு. சோறு உண்ணப் போவதில்லை. பிஸ்மி சொல்லி வண்டியை எடுப்பேன்.